டிராயிங் இல்லாத உடம்பு

புதுக் காரின் கதவை மூடிப் பாருங்கள். கதவுத் தகட்டுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே ஒரு கோடு ஓடும். மேலிருந்து கீழ்வரை அது ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். இரண்டு தகடுகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கார் ஆலைகளில் இதற்கு ‘கேப் அண்ட் ஃப்ளஷ்’ என்று பெயர். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ 1998இல் வெளியே வந்தது. அந்தக் காலத்துக் கார் ஆலைகளில் இந்த இடுக்கைப் பெரும்பாலும் கையால்தான் அளந்தார்கள். ஆப்பு வடிவ கேஜைச் செருகி, எந்த எண்ணில் நிற்கிறது என்று படிப்பார்கள். மேடு பள்ளத்தை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார்கள். பழகிய க்யூ.சி. ஆளின் விரல், கண்ணுக்குப் படாத மேட்டைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அதே விரல் கொஞ்சம் தாராளமாகிவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இன்று அந்த வேலையை லேசரும் கேமராவும் செய்கின்றன. ரோபோ கை ஒரு லேசர் கோட்டைத் தகடுகளின் குறுக்கே போடுகிறது. சற்றுத் தள்ளி, சாய்வான கோணத்திலிருந்து கேமரா அதைப் பார்க்கிறது. தகடு சமமாக இருந்தால் கோடு நேராகத் தெரியும். ஒரு தகடு ஏறியிருந்தால் கோடு விலகும், இடுக்கு வந்தால் உடையும். லேசருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரமும் கோணமும் தெரிந்துவிட்டால், மீதி பத்தாம் வகுப்பு முக்கோணவியல். சென்னை வட்டாரத்துக்கு அது புதிதும் அல்ல. 1802இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதன் மேல் முக்கோணங்களை அடுக்கித்தான் இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. அவர் மைல் கணக்கில் செய்ததை, காரின் கூட்டை வெல்டிங் செய்யும் பாடி ஷாப்பின் கேமரா மில்லிமீட்டரில் செய்கிறது.

லாம்டனின் சங்கிலி வெயிலில் நீளும் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கேமராவுக்கும் அப்படி ஒரு நோய் உண்டு. கண்ணாடி வில்லை ஓரங்களில் படத்தை வளைக்கும். அதனால் முதலில் கேமராவையே அளக்க வேண்டும். இதற்குச் செங்யூ சாங் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட முறை இன்று பொதுச்சொத்துபோல ஆகிவிட்டது. சதுரங்கக் கட்டம் அச்சிட்ட ஒரு தட்டைக் கேமரா முன்னால் பல சாய்வுகளில் காட்டினால் போதும். கட்டங்களின் உண்மை அளவு தெரியும், படத்தில் அவை எப்படிக் கோணிக்கொண்டன என்பதும் தெரியும். இரண்டையும் வைத்து வில்லையின் குணம் முழுவதையும் கணக்கிட்டுவிடலாம். அதற்கு முன்பு இதே வேலைக்கு நுட்பமாகக் கடைந்த, விலை கூடிய கருவிகள் தேவைப்பட்டன. சாங்கின் தட்டை ஒரு நல்ல பிரிண்டரில் அச்சடித்துக்கொள்ளலாம். தொழிற்சாலைக்குள் கேமரா இவ்வளவு மலிவாக நுழைந்ததற்கு இந்தத் தட்டும் ஒரு காரணம் என்பேன்.

கார் வந்த பின்னால், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் இந்த நெடுஞ்சாலைப் பக்கம் கண்ணாடி வந்தது, 2000இல் செயின்ட் கோபேன். 2006இல் நோக்கியா, அடுத்த ஆண்டு சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு டைம்லர் லாரிகள், ராயல் என்ஃபீல்டு. நோக்கியா 2014இல் மூடியது. அந்த வளாகத்தில் இப்போது சால்காம்ப் சார்ஜர்கள் செய்கிறது. இவற்றுள் ‘பார்க்கும்’ வேலையைத் தலைகீழாக மாற்றியது மொபைல் போன்தான்.

சர்க்யூட் போர்டில் ஒரு பாகம் கடுகைவிடச் சிறியது. உருப்பெருக்கி விளக்கின் அடியில் போர்டைப் பிடித்து, சால்டர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு புள்ளியாகப் பார்ப்பது கண்ணைத் தின்னும் வேலை. உலகெங்கும் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் இதற்கு இளம்பெண்களைத்தான் வைத்தன. அந்த இடத்தில் ஏ.ஓ.ஐ. (தானியங்கி ஒளிவழிப் பரிசோதனை) என்ற பெட்டி வந்து உட்கார்ந்தது. போர்டு உள்ளே போகும். கேமராக்கள் பல நிற வெளிச்சத்தில் படமெடுக்கும். ‘ஓகே’ அல்லது ‘என்.ஜி.’ (நாட் குட்) என்று சொல்லும்.

ஆனால் சிப்பின் கால்கள் பக்கவாட்டிலிருந்து அடிப்பக்கத்துக்குப் போனபோது ஏ.ஓ.ஐ.யும் குருடாகிவிட்டது. நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகள் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே மறைந்து கிடக்கின்றன. எந்த வெளிச்சமும் அங்கே எட்டாது. எக்ஸ்ரே ஒன்றுதான் வழி. சாதாரண எக்ஸ்ரே நிழலில் போர்டின் இரண்டு பக்கத்துப் பாகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பும் என்பதால், பல கோணங்களில் நிழல் எடுத்து, அவற்றிலிருந்து ஒரே ஒரு தளத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். மருத்துவமனையில் தலைக்கு ஸ்கேன் எடுப்பதும் இதே வேலைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பல நிழல்களிலிருந்து ஒரு குறுக்குவெட்டை வரைந்தெடுக்கும் கணக்கில் ஒரு பங்கு, சென்னையில் பதினெட்டு ஆண்டுகள் பேராசிரியராக இருந்த ஒருவருடையது.

ஜி. என். ராமச்சந்திரன் சர் சி. வி. ராமனின் மாணவர். சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் பேராசிரியர் ஒருவரைத் தேடியபோது, துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியாருக்கு ராமன் சிபாரிசு செய்தது இவரைத்தான். 1952இல் வந்தார். கிண்டியில் இருந்துகொண்டு, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளாகப் பின்னியிருப்பதைக் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கண்டுபிடித்தார். புரத வடிவங்களைச் சோதிக்க இன்றும் உலகெங்கும் போடப்படும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் இங்கேதான் பிறந்தது. பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். 1971இல் அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே நிழல்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவத்தை மீட்பது எப்படி என்பதே அதன் பொருள்.

அப்படி மீட்க முடியும் என்பதை ஆஸ்திரியக் கணிதர் யோஹான் ராடன் 1917இலேயே நிறுவிவிட்டார். சிக்கல் கணக்குப் போடும் நேரத்தில் இருந்தது. ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்ப இழுத்துப் பூசினால், எல்லாப் பூச்சும் சந்திக்கும் இடத்தில் உருவம் தெரியும். ஆனால் சுற்றிலும் பனிமூட்டம்போல மங்கல் படியும். மங்கலை நீக்க ஃபூரியர் மாற்றம் என்ற நீண்ட கணக்கு தேவைப்பட்டது. அன்றைய கணினிகளுக்கு அது பெரிய சுமை. ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் ஃபூரியரைத் தவிர்த்துவிட்டு, பூசுவதற்கு முன்பே நிழலைத் திருத்தினார்கள். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பிலிருந்தும் அதன் அண்டைப் புள்ளிகளின் ஒரு பங்கைக் கழிப்பது. தூரம் கூடக் கூடக் கழிக்கும் பங்கு இருமடியில் குறையும். ஒன்று விட்டு ஒரு புள்ளிக்குக் கழிவே கிடையாது. அவ்வளவுதான். பெருக்கலும் கூட்டலும் போதும். அடுத்த நிழல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வந்ததை வந்தபடியே திருத்திப் பூசிவிடலாம்.

இதே வழியை வானொலி வானியலுக்காக பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இல் தனியாகக் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மவர் பெயரைத் தூக்கிப் பிடிக்கிற ஆசையில் அதை மறைத்தால் ராமச்சந்திரனுக்கே பிடிக்காது. ஆனாலும் மருத்துவ ஸ்கேன் உலகில் நிலைத்தது ‘ராம்-லாக்’ என்ற பெயர்தான். பெண்ணலூரிலும் தண்டலத்திலும் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பொறியியல் கல்லூரிகளில் மாட்லாப் பயிற்சி செய்யும் மாணவர், குறுக்குவெட்டை மீட்கும் கட்டளையைத் தட்டினால், வேறெதுவும் கேட்காதவரை அது தானாக எடுத்துக்கொள்வது ராம்-லாக் வடிகட்டியைத்தான்.

அந்த 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண் நோயாளியின் தலை முதன்முதலாக சி.டி. எடுக்கப்பட்டது. கருவியைச் செய்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் வேலை பார்த்த இ.எம்.ஐ. இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்த நிறுவனம். ஹவுன்ஸ்ஃபீல்டு தன் கருவிக்கு வேறு கணக்கைத்தான் பயன்படுத்தினார். வேகமான திருத்திப் பூசும் முறைக்கு ஸ்கேனர்கள் பிறகு மாறின. அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் 1979இல் நோபல் கிடைத்தது. கணக்கின் ஒரு பங்கு பெங்களூரில் எழுதப்பட்டும், இயந்திரத்தை நாம் இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தோம். கப்பலில் வந்தது, இப்போது விமானத்திலும் வருகிறது. மாற்றம் அவ்வளவுதான் என்று சொன்னால் அது பாதி உண்மை.

மீதிப் பாதியைச் சாலையில் பார்க்கலாம். தொண்ணூறுகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரி மோதித் தலையில் அடிபட்டவரைச் சென்னை ஜி.எச்.சுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். (அந்த மருத்துவமனைக்கு இப்போது, ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியின் பெயர்.) எக்ஸ்ரே ஃபிலிமைப் பழுப்பு உறையில் போட்டு, உறவினர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவார், மருத்துவர் அதை ஜன்னல் வெளிச்சத்திலோ ட்யூப்லைட்டுக்கு எதிரிலோ தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். இன்று தண்டலத்தில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி ஒரு வெட்டுக்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டு 80க்கு 80 கட்டத்தில் படம் தந்தது. இன்றைய கருவி தலை முழுவதையும் சில விநாடிகளில், 512க்கு 512 கட்டத்தில் வெட்டு வெட்டாகத் தருகிறது. ஸ்ட்ரெச்சர் வார்டுக்குத் திரும்பும் முன்பே படம் மருத்துவரின் கைபேசிக்குப் போய்விடுகிறது.

அந்தப் படத்தில் முதலில் தேடும் விஷயங்களில் ஒன்று, மூளையின் நடுக்கோடு. மண்டைக்குள் ஒரு பக்கம் ரத்தம் கட்டினால் மூளை மறுபக்கம் தள்ளப்படும். நடுக்கோடு 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால், அறுவை சிகிச்சையைப் பற்றி உடனே யோசிக்க வேண்டும் என்பது நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டு விதி. கதவு இடுக்கை மில்லிமீட்டரில் அளக்கும் ஆலை இந்தப் பக்கம், நடுக்கோட்டை மில்லிமீட்டரில் அளக்கும் மருத்துவமனை அந்தப் பக்கம். இரண்டும் ஒரே வேலை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது; ஆனால் கதவுக்கு ஒரு டிராயிங் இருக்கிறது, தலைக்குக் கிடையாது.

ஆலைக் கேமராவின் தைரியமெல்லாம் டிராயிங்கிலிருந்து வருவது. இந்த இடுக்கு இவ்வளவு இருக்க வேண்டும், இவ்வளவு கூடலாம் குறையலாம் என்று எண்கள் கணினியில் இருக்கின்றன. அளந்ததிலிருந்து அதைக் கழித்தால் தீர்ப்பு வந்துவிடும். நுரையீரலுக்கு அப்படி எந்தக் கம்பெனியும் எண் கொடுத்ததில்லை. ஆளுக்கு ஆள் வேறு. அதே ஆளுக்கே மூச்சு இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. வார்ப்பட எஞ்சின் பாகத்தில் காற்றுக்குமிழ் தேடும் தொழிற்சாலை சி.டி.யில் எக்ஸ்ரே குழாய் அசையாமல் நிற்கும், பாகம்தான் மேஜைமேல் சுற்றும். எவ்வளவு நேரம், எவ்வளவு கதிர் வேண்டுமானாலும் கொடுக்கலாம். மனிதரைச் சுற்ற முடியாது. குழாய்தான் அவரைச் சுற்றி ஓட வேண்டும், கதிரும் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும். ஆலையில் கேமராவின் வசதிக்குப் பொருள் நிற்கிறது. மருத்துவமனையில் கருவிதான் ஆளுக்கு வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

டிராயிங் இல்லாத குறைக்கு ஆய்வாளர்கள் மூன்று மாற்றுகளைத் தேடிக்கொண்டார்கள். முதலாவது மருத்துவர்களின் பழைய வழக்கம்: உடம்பின் ஒரு பாதிக்கு மறுபாதியே டிராயிங். இடது மூளையை வலது மூளையோடு ஒப்பிடுவது. நடுக்கோட்டுக் கணக்கு அதில்தான் நிற்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டுப்போனால் அது கைவிடும்.

இரண்டாவது, சராசரி உடம்பு ஒன்றை வரைந்துவைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வொரு படத்தையும் ரப்பர்போல இழுத்து வளைத்து அதன்மேல் பொருத்துவது. எவ்வளவு இழுக்க வேண்டியிருந்தது என்பதே அங்கு செய்தி. அந்தச் சராசரி யாருடையது என்பது கேள்வி. நெடுங்காலம் அது மேலைநாட்டு உடம்பாகவே இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட ‘தாரணி’ இதில் ஒரு திருப்பம். மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் உள்ள அந்தக் குழு, சென்னை மெடிஸ்கேன் போன்ற இடங்களின் துணையோடு, கர்ப்பத்தின் நடு மாதங்களில் உள்ள சிசு மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, 5,132 வெட்டுகளை செல் அளவுக்குத் தெளிவாகப் படமாக்கி, முப்பரிமாணத்தில் கோத்து, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி விட்டிருக்கிறது. வெட்டும்போது சுருங்கியும் கோணியும் போகிற சீவல்களை மறுபடி ஒரே மூளையாகப் பொருத்துவது முழுக்க முழுக்க வடிவியல் வேலை.

மூன்றாவது மாற்றுதான் இன்று எல்லோர் வாயிலும் இருப்பது: ஆயிரக்கணக்கான படங்களையும் மருத்துவர்களின் தீர்ப்பையும் கணினிக்குக் காட்டிப் பழக்குவது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்க கூகுள் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்கள் இருந்தன. அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் உண்டு. பார்த்துத் தரம் பிரித்தவர்கள் 54 மருத்துவர்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை பார்க்கவைத்தார்கள். காரணம், ஒரே படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு தரம் சொல்வார்கள். ஒரே மருத்துவர் வேறொரு நாளில் வேறொன்று சொல்வார். கேஜ் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஆலையில் எந்த க்யூ.சி. மேனேஜரும் லைனை ஓட்ட மாட்டார். இங்கே கேஜே அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டு, பலர் சொன்னதைத் தொகுத்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையும் ஒரு விளையாட்டு காட்டும். ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் ஒரு நோய் என்று வையுங்கள். கருவி அந்த ஒருவரைத் தவறாமல் பிடித்துவிடுகிறது. நலமாக இருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கருவி கை காட்டும் 51 பேரில் 50 பேருக்கு ஒன்றும் இல்லை. சர்க்யூட் போர்டு லைனில் வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘ஃபால்ஸ் கால்’ அவர்களது அன்றாடத் தலைவலி. புது சப்ளையரிடமிருந்து வந்த பாகத்தில் அச்சு கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூட ஏ.ஓ.ஐ. வரிசையாக என்.ஜி. அடிக்கும். அதனால்தான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னும் ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்து, இது உண்மை, இது பொய் என்று பிரித்துக்கொண்டிருக்கிறார். விளக்கு போய்விட்டது; அந்தக் கண் போகவில்லை. போர்டு என்றால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். மனிதர் என்றால் இன்னொரு ஸ்கேன், ஒரு ஊசி, வீட்டில் ஒரு வாரம் யாருக்கும் தூக்கமில்லை.

இந்தப் பின்னணியோடு ஒரகடத்தைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தில் 2021இல் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. பூங்காவுக்கு இடம் ஒரகடம், சுமார் 350 ஏக்கர். இதே ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தாழ்வாரத்தில் இதற்கு முன்னோடியும் உண்டு. சென்னையைச் சேர்ந்த டிரிவிட்ரான் நிறுவனம் 2010ஐ ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் மருத்துவக் கருவி வளாகம் அமைத்தது. ஜப்பானின் அலோகாவோடு கூட்டுச் சேர்ந்து அல்ட்ராசவுண்ட் கருவி செய்வதும் அதில் ஒரு பகுதி.

பூங்கா என்றதும் செயற்கை நுண்ணறிவு என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மென்பொருள் எழுத ஒரகடத்தில் நிலம் தேவையில்லை. இந்தத் தாழ்வாரத்தின் கைக்குப் பழகிய வேலை வேறு. சி.டி.யின் சுழலும் வளையம் எக்ஸ்ரே குழாய், உணரி என்று பெரும் பாரத்தைச் சுமந்துகொண்டு விநாடிக்கு இரண்டு மூன்று சுற்று சுற்றும். சுழற்சியின் மையம் மயிரிழை பிசகினாலும் படம் இரட்டிக்கும். பேரிங், பேலன்ஸ், வார்ப்படம், கடைசல் எல்லாம் இங்கே இருபத்தைந்து ஆண்டுகளாக அன்றாட வேலை. குழாயும் உணரியும்தான் கடினம். அங்கேதான் பணமும் பொறுமையும் போக வேண்டும்.

இன்னொன்றும் இங்கே இருக்கிறது. பாடி ஷாப்பில் ஒரு கதவு என்.ஜி. ஆனால், அதே ஷிஃப்டில் அந்தத் தகவல் வெல்டிங் செய்த ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போகும். யாராவது போய்ப் பார்ப்பார்கள். மருத்துவப் படக் கருவியில் இந்தத் திரும்பும் வழி நீளமானது. கூகுளின் விழித்திரைக் கருவியைத் தாய்லாந்து கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது, முதல் மாதங்களில் செவிலியர்கள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றைக் கருவி தரம் போதாது என்று தள்ளியது. நல்ல இருட்டு அறை இல்லாதது ஒரு காரணம். ஆய்வுக்கூடத்தில் பழக்கியபோது இது யாருக்கும் தெரியவில்லை. இறக்குமதியான சி.டி.யின் உணரியில் ஒரே ஒரு துண்டு கெட்டால் படத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழும். டெக்னீஷியன் புகார் எழுதுவார், பாகம் வெளிநாட்டிலிருந்து வரும், அதைச் செய்தவருக்கு அந்த வட்டங்களைப் பார்க்கும் வாய்ப்பே இருக்காது. ஒரகடத்தில் செய்த உணரி தண்டலத்தில் வட்டம் போட்டால், செய்தவரையே வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்த் திரையைக் காட்டிவிடலாம். சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழி விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை.